இந்தச் சட்டம் இன்றும் அமலில் இருக்கிறதா? சட்ட நூலகர்கள் ஏன் கற்றுக்கொண்டே இருக்க வேண்டும்



மருத்துவமனை என்றால் டாக்டரைத் தெரியும், தாதியைத் தெரியும், மருந்து கொடுப்பவரையும் தெரியும். நீதிமன்றம் என்றால் நீதிபதியைத் தெரியும், வழக்கறிஞரைத் தெரியும். ஆனால் அந்த வழக்கறிஞருக்குப் பின்னால் இன்னொருவர் இருக்கிறார். "நீங்கள் காட்டப் போகும் இந்தச் சட்டம் இன்றும் அமலில் இருக்கிறதா? இந்தத் தீர்ப்பை மேல் நீதிமன்றம் மாற்றிவிட்டதா?" என்று தேடிப் பார்த்துச் சொல்பவர் அவர். அவருக்குச் சட்ட நூலகர் என்று பெயர்.

சட்டக் கல்வி தரும் பல்கலைக்கழகங்கள், நீதிமன்றங்கள், அரசாங்கச் சட்ட அலுவலகங்கள், பெரிய வழக்கறிஞர் நிறுவனங்கள் ஆகியவற்றில் இவர்கள் பணியாற்றுகிறார்கள். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் சட்ட நூலகம் தான் ஸ்ரீ அகமது இப்ராகிம் பெயரைத் தாங்கி நிற்கிறது. சிங்கப்பூரில் தேசியப் பல்கலைக்கழகத்திற்கு சி.ஜே. கோ சட்ட நூலகம் இருக்கிறது. சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம் 2017இல் தன் சட்ட நூலகத்திற்குக் குவா கியோக் சூ அம்மையாரின் பெயரைச் சூட்டியது. அவர் லீ குவான் இயூவின் துணைவியார். தாமே ஒரு வழக்கறிஞர்.

'புத்தகத்தை அடுக்கி வைத்து, முத்திரை குத்தி இரவல் கொடுப்பவர்தானே நூலகர்? அவருக்கு எதற்குப் பயிற்சி, எதற்குப் புத்தாக்கம்?' என்று கேட்பவர்கள் உண்டு. செயற்கை நுண்ணறிவு வந்துவிட்ட பிறகு இந்தக் கேள்வி இன்னும் சத்தமாகக் கேட்கிறது. கணினியிடம் கேட்டால் நொடியில் பதில் வரும்போது நூலகர் எதற்கு என்பதுதான் அது. அதற்கு விடை காண, முதலில் நம் வீட்டுப் பிரச்சினை ஒன்றைப் பார்ப்போம்.

60 நாளா, 98 நாளா?

மலேசியாவில் தனியார் நிறுவனத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்குச் சம்பளத்துடன் எத்தனை நாள் மகப்பேறு விடுமுறை? 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் பழைய பதிப்பு அலுவலக அலமாரியில் இருந்தால், அதில் 60 நாள் என்று இருக்கும். அது அச்சுப் பிழை அல்ல. அந்தப் புத்தகம் அச்சான நாளில் அதுதான் சட்டம். ஆனால் 2022ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அதை 98 நாளாக உயர்த்தியது. வாரத்திற்கு 48 மணி நேரம் என்றிருந்த வேலை நேர உச்சவரம்பு 45ஆகக் குறைந்தது. மணமான ஆண் தொழிலாளர்களுக்கு 7 நாள் தந்தைமை விடுமுறை வந்தது.

60க்கும் 98க்கும் இடையே 38 நாள். கையில் பச்சிளம் குழந்தையுடன் இருக்கும் ஒரு தாய்க்கு 38 நாள் சம்பளம் என்பது சின்ன விஷயமா? பழைய புத்தகத்தைப் பார்த்து ஒரு மேலாளர் சொன்ன பதிலை நம்பினால், அந்த உரிமை கைநழுவிப் போகும்.

சிக்கல் அதோடு முடியவில்லை. இந்தத் திருத்தம் 2022 மார்ச் மாதம் மக்களவையில் நிறைவேறியது. மே மாதம் அரசிதழில், அதாவது நாம் கெஜட் என்று சொல்வதில், வெளியானது. செப்டம்பர் 1 முதல் அமலுக்கு வரும் என்று அறிவிக்கப்பட்டது. பிறகு அது தள்ளிப்போடப்பட்டு, 2023 ஜனவரி 1ஆம் தேதிதான் அமலுக்கு வந்தது. ஒரே சட்டத்திற்கு இத்தனை தேதிகள்! செப்டம்பர் என்ற முதல் அறிவிப்பை மட்டும் படித்து வைத்திருந்தவர், இடைப்பட்ட நான்கு மாதங்களில் தவறான பதிலைத்தான் சொல்லியிருப்பார்.

இன்னும் ஒன்று. இந்த வேலைச் சட்டம் தீபகற்ப மலேசியாவுக்கும் லாபுவானுக்கும் உரியது. சபாவுக்கும் சரவாக்கிற்கும் தனித்தனித் தொழிலாளர் சட்டங்கள் இருக்கின்றன. ஆகவே, 'எத்தனை நாள்?' என்ற எளிய கேள்விக்குப் பதில் சொல்ல, எந்தச் சட்டம், எந்தத் தேதி, எந்த இடம் என்ற மூன்றையும் பார்க்க வேண்டும். மலேசியச் சட்டங்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும் வெளியாகின்றன. வேறுவிதமாகக் கட்டளையிடப்படாத வரை மலாய் வாசகமே அதிகாரபூர்வமானது. ஆங்கிலத்தை மட்டும் படித்துவிட்டு அமைதியாக இருந்துவிட முடியாது.

சட்ட நூலகரின் வேலை இதுதான். சட்டத்தைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. அது இன்றும் உயிரோடு இருக்கிறதா என்று உறுதிசெய்வது மீதிப் பாதி. இந்த இரண்டாவது பாதிதான் ஒவ்வொரு நாளும் மாறிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் அவர் ஒவ்வொரு நாளும் கற்க வேண்டியிருக்கிறது.

பசைத்தாளில் தொடங்கிய புத்தாக்கம்

இந்தத் துறையில் புத்தாக்கம் என்பது புதிய சொல் அல்ல. 1873ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஃபிராங்க் ஷெப்பர்ட் என்பவர் ஓர் எளிய வழியைக் கண்டுபிடித்தார். ஒரு தீர்ப்பைப் பின்னாளில் எந்தெந்த வழக்குகள் எடுத்துக் காட்டின என்பதைப் பசை தடவிய சின்னச் சின்னத் தாள்களில் அச்சடித்து விற்றார். வழக்கறிஞர்கள் அவற்றை வாங்கி, தங்களிடமிருந்த தீர்ப்புப் புத்தகத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டார்கள். பக்கத்தைத் திறந்த உடனேயே இந்தத் தீர்ப்புக்குப் பிறகு என்ன நடந்தது என்று தெரிந்துவிடும். பிறகு அந்தத் தாள்கள் தனிப் புத்தகங்களாக வளர்ந்தன. அமெரிக்க வழக்கறிஞர்களிடையே, தீர்ப்பைச் சரிபார்க்கும் வேலைக்கே அவர் பெயர் நிலைத்துவிட்டது.

நம் வட்டாரத்தில் 1932இல் பஷீர் அகமது மல்லால் 'மலாயன் லா ஜர்னல்' என்ற சட்ட ஏட்டைச் சிங்கப்பூரில் தொடங்கினார். உள்ளூர்த் தீர்ப்புகளைத் தொடர்ந்து தொகுத்து வெளியிட்ட ஏடு அது. இன்றும் மலேசிய, சிங்கப்பூர் நீதிமன்றங்களில் அதிலிருந்து மேற்கோள் காட்டுகிறார்கள்.

1973இல் அமெரிக்காவில் லெக்சிஸ் என்ற கணினித் தேடல் சேவை வந்தது. 1975இல் வெஸ்ட்லா வந்தது. சிங்கப்பூரில் 1990இல் லாநெட் பிறந்தது. முன்பு எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் என்று தெரிந்திருந்தால் போதும். கணினி வந்ததும் எந்தச் சொல்லைக் கொடுத்துத் தேடுவது, எந்தத் தேதிக்குள் தேடுவது, தரவுத்தளத்தில் எது இல்லை என்றெல்லாம் தெரிய வேண்டியதாயிற்று. வேலை போய்விடவில்லை, அது கடினமான இடத்திற்கு நகர்ந்தது. நகர்ந்த வேலையைக் கற்றுக்கொண்டவர்களின் மதிப்பும் கூடியது.

இல்லாத வழக்குகள் நீதிமன்றம் வந்த கதை

இப்போது வேலை மறுபடியும் நகர்ந்திருக்கிறது. 2023இல் நியூயார்க்கில் நடந்த சம்பவம் உலகம் முழுவதும் பேசப்பட்டது. விமானத்தில் உணவு வண்டி முழங்காலில் இடித்துக் காயப்பட்டதாக ஒரு பயணி அவியாங்கா விமான நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார். அவருடைய வழக்கறிஞர்கள் தாக்கல் செய்த ஆவணத்தில் பல முன்தீர்ப்புகள் இருந்தன. எதிர்த்தரப்பு தேடியது, கிடைக்கவில்லை. நீதிமன்றம் தேடியது, அதற்கும் கிடைக்கவில்லை. காரணம், அவற்றில் ஆறு வழக்குகள் நடக்கவே இல்லை! சாட்ஜிபிடி தானாக எழுதிக் கொடுத்தவை அவை.

இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அந்த வழக்கறிஞர் சரிபார்க்காமல் இல்லை. 'இந்த வழக்குகள் உண்மையானவைதானா?' என்று கேட்டிருக்கிறார். ஆனால் யாரிடம் கேட்டார்? அதே சாட்ஜிபிடியிடம்! ஆம், உண்மைதான், பெரிய தரவுத்தளங்களில் கிடைக்கும் என்று அதுவும் சொல்லிவிட்டது. சாட்சி சொன்னவரிடமே போய், நீ சொன்னது உண்மையா என்று கேட்பது போன்றது இது. நீதிபதி கேஸ்டல் 2023 ஜூன் மாதம் 5,000 அமெரிக்க டாலர் அபராதம் விதித்தார்.

பிறகாவது நின்றதா? 2025 ஜூன் மாதம் லண்டன் உயர் நீதிமன்றம் இரண்டு வழக்குகளைச் சேர்த்து விசாரித்து, வழக்கறிஞர்களைக் கடுமையாக எச்சரித்தது. அவற்றில் ஒன்றில் எடுத்துக் காட்டப்பட்ட 45 மேற்கோள்களில் 18 வழக்குகள் இல்லவே இல்லை. அதே ஆண்டு சிங்கப்பூர் உயர் நீதிமன்றத்திலும், இல்லாத வழக்கை மேற்கோள் காட்டிய ஒரு வழக்கறிஞர் தம் சொந்தப் பணத்திலிருந்து எதிர்த்தரப்புக்கு 800 வெள்ளி செலவுத்தொகை கொடுக்கும்படி உத்தரவிடப்பட்டது. சிங்கப்பூர் நீதிமன்றங்கள் 2024 அக்டோபர் முதலே இதற்கு வழிகாட்டி வகுத்திருந்தன. செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தலாம், ஆனால் தாக்கல் செய்யும் ஒவ்வொன்றுக்கும் தாக்கல் செய்பவரே பொறுப்பு என்பதே அதன் சாரம்.

'பொதுவான கருவியைப் பயன்படுத்தியதால்தான் இப்படி ஆயிற்று. சட்டத்திற்கென்றே விலை கொடுத்து வாங்கும் கருவி இருந்தால் பிரச்சினை இல்லை' என்று சிலர் சொல்கிறார்கள். ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் அதையும் சோதித்துப் பார்த்தார்கள். பெரிய சட்டப் பதிப்பகங்களின் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள், அன்றைய சோதனையில், 17 முதல் 33 விழுக்காடு வரை தவறான அல்லது ஆதாரமற்ற பதில்களைத் தந்தன. கருவிகள் அதன் பிறகு மாறியிருக்கலாம். அந்த மாற்றத்தை யார் சோதித்துச் சொல்வது? விற்பவர் சொல்வதை அப்படியே நம்புவதா? நம் பக்கத்தில் நின்று சோதிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டாமா?

நான் படித்த மக்கள் தொடர்புத் துறையில் முதலில் சொல்லித் தரும் பாடம், 'யார் சொன்னது, எப்போது சொன்னது, வேறு யார் உறுதிசெய்தது?' என்று கேட்பது. சட்ட நூலகரின் கேள்வியும் அதேதான். ஆனால் செய்தி தவறினால் மறுநாள் திருத்தம் போடலாம். சட்டம் தவறினால் ஒருவருடைய வீடு, வேலை, பிள்ளையைப் பார்க்கும் உரிமை எல்லாம் கைவிட்டுப் போகலாம்.

என்னென்ன கற்க வேண்டும்?

தொழில் மேம்பாடு என்றவுடன், ஹோட்டலில் ஒரு நாள் கருத்தரங்கு, மதிய உணவு, கடைசியில் சான்றிதழ் என்று நினைத்துவிடுகிறோம். சட்ட நூலகருக்கு வேண்டியது அதைவிட ஆழமானது. அதை நான்கு பகுதிகளாகப் பார்க்கலாம்.

முதலாவது, மூலத்தைப் படிக்கும் திறன். மசோதா எது, நிறைவேறிய சட்டம் எது, அரசிதழில் வந்தது எது, அமலுக்கு வந்தது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். சிங்கப்பூர்ச் சட்டங்களின் 2020ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பு 2021 டிசம்பர் 31ஆம் தேதி நடப்புக்கு வந்தபோது, பழைய பிரிவு எண்கள் சில மாறின. பழைய தீர்ப்பில் ஒரு பிரிவு எண்ணைப் பார்ப்பவர், இன்றைய சட்டத்தில் அதே விஷயம் எந்த எண்ணில் இருக்கிறது என்று தேடிப் பிடிக்க வேண்டும். இது பழகப் பழக வரும் திறன்.

இரண்டாவது, கருவியைச் சோதிக்கும் திறன். விடை ஏற்கெனவே உறுதியாகத் தெரிந்த இருபது கேள்விகளை ஒரு நூலகர் எழுதி வைத்துக்கொள்ளலாம். முன்பு பார்த்த மகப்பேறு விடுமுறைக் கேள்வி அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. புதிய கருவி வரும்போதெல்லாம் அந்த இருபதையும் கேட்டு, எத்தனை சரி, எத்தனை தவறு, தவறியபோது எப்படித் தவறியது என்று குறித்து வைக்கலாம். கருவியைப் புதுப்பித்த பிறகு மீண்டும் கேட்கலாம். பெரிய செலவு எதுவும் இல்லை. ஆனால் பல்லாயிரம் ரிங்கிட் சந்தா கட்டுவதற்கு முன்னால், நிர்வாகத்தின் மேசையில் வைக்க அதைவிட நல்ல அறிக்கை இல்லை.

மூன்றாவது, கற்றுக்கொடுக்கும் திறன். சட்டம் படித்துவிட்டு நிறுவனத்தில் பயிற்சிக்கு வரும் இளைஞர்கள் கணினியில் வேகமானவர்கள். ஆனால் தேடல் பெட்டியில் முதலில் வந்த பதிலோடு நிறுத்திவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. அவர்களிடம் 'இப்படிச் செய்யாதே' என்று சொன்னால் போதாது. ஒரு தீர்ப்பை எடுத்து, அது மேல்முறையீட்டில் என்னவாயிற்று என்று படிப்படியாகத் தேடிக் காட்ட வேண்டும். அமெரிக்கச் சட்ட நூலகர் சங்கம் 2013இல் சட்ட ஆய்வுக்கான தகுதி நெறிகளையே வகுத்துக் கொடுத்தது. நூலகர்கள் இன்று பாதி ஆசிரியர்கள்.

நான்காவது, எல்லையை அறிவது. நூலகர் சட்டத் தகவல் கொடுக்கலாம், சட்ட ஆலோசனை கொடுக்கக் கூடாது. 'இதோ உங்கள் விஷயம் தொடர்பான பிரிவு, இதோ திருத்தம்' என்பது தகவல். 'உங்கள் வழக்கில் நீங்கள் ஜெயிப்பீர்கள், இப்படி வாதாடுங்கள்' என்பது ஆலோசனை. கண்ணீரோடு எதிரில் நிற்பவரிடம் இந்தக் கோட்டை மதித்துப் பேசுவது எளிதல்ல. அதற்கும் பயிற்சி வேண்டும். கட்சிக்காரரின் ரகசியத்தைப் பொதுவான செயற்கை நுண்ணறிவுக் கருவியில் தட்டச்சு செய்யக் கூடாது என்பதும் இதே எல்லைக்குள் வருகிறது.

நூலகத்திலிருந்தே பிறந்த புதுமைகள்

புத்தாக்கம் என்றால் வெளியிலிருந்து ஒரு நிறுவனம் கொண்டுவந்து விற்பது என்று எண்ண வேண்டியதில்லை. ஹார்வர்ட் சட்டப் பள்ளி நூலகம் இதற்கு நல்ல சான்று.

அமெரிக்கத் தீர்ப்புகள் பொதுச் சொத்து. ஆனால் அவற்றை ஒழுங்காகத் தேடிப் படிக்கக் கட்டணத் தரவுத்தளம் வேண்டியிருந்தது. இந்த நூலகம் தன்னிடமிருந்த ஏறக்குறைய 40,000 தீர்ப்புத் தொகுதிகளை எடுத்தது. மிக அரியவற்றைத் தவிர மற்றவற்றின் முதுகுப் பகுதியை வெட்டி, தாள்களைப் பிரித்து, அதிவேக ஸ்கேனரில் செலுத்தியது. சுமார் 4 கோடிப் பக்கங்கள்! புத்தகத்தை உயிராகக் காக்கும் நூலகர்களே புத்தகத்தின் முதுகை வெட்டினார்கள் என்றால், எவ்வளவு யோசித்துச் செய்திருக்க வேண்டும்! 360 ஆண்டுக் காலத்தைச் சேர்ந்த 60 லட்சத்துக்கும் மேற்பட்ட வழக்குகள் 2018இல் இணையத்தில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டன. இதற்குப் பணம் கொடுத்த நிறுவனத்துடன் செய்த ஒப்பந்தத்தால் மொத்தமாக எடுத்துப் பயன்படுத்துவதற்குச் சில கட்டுப்பாடுகள் இருந்தன. 2024இல் அவையும் நீங்கின.

அதே நூலகத்தில் பிறந்த இன்னொரு யோசனை 2013இல் வந்த பெர்மா. அதற்குக் காரணம் ஓர் ஆய்வு. அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் மேற்கோளாகக் கொடுக்கப்பட்ட இணைய முகவரிகளில் ஏறக்குறைய பாதி, முதலில் காட்டிய தகவலைக் காட்டவில்லை என்று அது கண்டுபிடித்தது. பக்கம் அழிந்திருக்கும், அல்லது மாறியிருக்கும். தீர்ப்பு இருக்கிறது, ஆனால் அதன் ஆதாரம் காணாமல் போய்விட்டது! பெர்மாவில் முகவரியைக் கொடுத்தால், அந்தப் பக்கத்தின் அன்றைய நகலை எடுத்து வைத்து, நிலையான புதிய முகவரி ஒன்றைக் கொடுக்கும். பல சட்ட நூலகங்கள் சேர்ந்து அந்த நகல்களைப் பாதுகாக்கும் பொறுப்பை எடுத்துக்கொண்டன.

ஹார்வர்டிடம் பணம் இருக்கிறது, நம்மிடம் இல்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் யோசனையின் வேர் பணத்தில் இல்லை. 'வாசகர் எங்கே தடுமாறுகிறார்?' என்று கவனித்ததில்தான் இருக்கிறது. ஓர் ஆள் மட்டும் வேலை செய்யும் சின்ன நூலகத்திலும் இதைச் செய்யலாம். 'நிறைவேறிவிட்டது, ஆனால் இன்னும் அமலுக்கு வரவில்லை' என்று சட்டங்களுக்கு ஒரு பட்டியல் வைத்து, வாரந்தோறும் அரசிதழைப் பார்த்துப் புதுப்பித்தாலே போதும். 2022இல் அப்படி ஒரு பட்டியலைச் சுவரில் ஒட்டியிருந்த அலுவலகத்தில் செப்டம்பர்க் குழப்பம் வந்திருக்காது. ஷெப்பர்டின் பசைத்தாளும் இப்படி எளிமையாகத்தான் தொடங்கியது.

நேரமும் பணமும் யார் கொடுப்பது?

இங்கேதான் உண்மையான சிக்கல். செலவைக் குறைக்க வேண்டும் என்றால் பல இடங்களில் முதலில் கண்ணில் படுவது நூலகம். 'எல்லாம் இணையத்தில் இருக்கிறதே' என்று புத்தக ஒதுக்கீடு குறையும், பிறகு ஆள் குறையும். மிஞ்சிய ஒருவரே சந்தா, தேடல், பயிற்சி எல்லாவற்றையும் பார்ப்பார். புதிய கருவியைக் கற்க வேண்டுமென்றால் இரவில், வீட்டில், சொந்த நேரத்தில் கற்க வேண்டும்.

சிங்கப்பூரில் 2012இல் இளம் வழக்கறிஞர்களிடம் தொடங்கி, தொடர் தொழிற்கல்வி கட்டாயமாக்கப்பட்டது. அந்த வழக்கறிஞர் நம்பியிருக்கும் நூலகரின் கல்வியோ பெரும்பாலும் அவரவர் ஆர்வத்திற்கும் மேலாளரின் மனத்திற்கும் விடப்பட்டிருக்கிறது. இது சரியா? விமானியின் பயிற்சிக்குச் சட்டம் போட்டுவிட்டு, எஞ்சினைச் சரிபார்ப்பவரை 'முடிந்தால் படித்துக்கொள்' என்று விட்டுவிடுவோமா?

என் கருத்து இதுதான். சட்ட நூலகரின் கற்றல் நேரம் வேலை நேரமாகவே கணக்கிடப்பட வேண்டும். வாரத்தில் அரை நாள் கொடுத்தாலும் போதும், அந்த அரை நாள் உறுதியாக இருக்க வேண்டும். தரவுத்தளச் சந்தாவுக்கு ஒதுக்கும் பணத்தோடு, அதைச் சோதிக்கவும் கற்பிக்கவும் ஆகும் செலவையும் சேர்த்தே ஒதுக்க வேண்டும்.

பணத்திற்கு வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. மலேசியாவில் எச்ஆர்டி கோர்ப்பிற்கு லெவி செலுத்தும் முதலாளிகள், அந்த நிதியை ஊழியர் பயிற்சிக்குப் பயன்படுத்த விண்ணப்பிக்கலாம். சிங்கப்பூரில் 25 வயதான குடிமக்களுக்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் திட்டத்தில் 500 வெள்ளி வரவு வைக்கப்பட்டது. 40 வயதைக் கடந்தவர்களுக்கு 2024 மே மாதம் மேலும் 4,000 வெள்ளி சேர்க்கப்பட்டது.

பேச்சுத்துணைக்கும் வழி உண்டு. அமெரிக்கச் சட்ட நூலகர் சங்கம் 1906இல் தோன்றியது. அனைத்துலகச் சட்ட நூலகச் சங்கம் 1959இலும், பிரிட்டன் – அயர்லாந்து சட்ட நூலகர் சங்கம் 1969இலும் பிறந்தன. நம் பகுதியில் 1955இல் உருவான மலாயா நூலகக் குழுவே இன்றைய மலேசிய, சிங்கப்பூர் நூலகர் சங்கங்களுக்கு வேர். தனியாளாக வேலை செய்யும் நூலகருக்குப் பக்கத்து நிறுவனத்து நூலகர் போட்டியாளர் அல்ல, வகுப்புத் தோழர். இரண்டு மாதத்திற்கு ஒருமுறை நான்கைந்து பேர் கூடி, 'இந்தக் கருவி இங்கே தவறியது' என்று பகிர்ந்துகொண்டால், அதைவிடச் சிறந்த பயிற்சி வேறு இல்லை.

நமக்கு இதில் என்ன இருக்கிறது?

நீதிமன்றப் பக்கமே போகாத எனக்கு இது எதற்கு என்று நினைக்க வேண்டாம். வாடகை ஒப்பந்தம், வேலை நீக்கம், ஜீவனாம்சம், பிறப்புப் பத்திரம் என்று சட்டம் நம் வீட்டுக் கதவைத் தட்டும் நாள் எல்லாருக்கும் வரும். அன்றைக்குக் கைப்பேசியில் கேட்டு வரும் பதிலை அப்படியே நம்பாதீர்கள். மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இது எந்த நாட்டு, எந்த மாநிலத்துச் சட்டம்? எந்தத் தேதி நிலவரம்? மூலம் எங்கே?

மூலத்தைப் பார்க்கக் காசு வேண்டியதில்லை. மலேசியச் சட்டங்களையும் அரசிதழையும் சட்டத்துறைத் தலைவர் அலுவலகத்தின் இணையத்தளங்களில் பார்க்கலாம். சிங்கப்பூர்ச் சட்டங்களுக்கு 'சிங்கப்பூர் ஸ்டாட்யூட்ஸ் ஆன்லைன்' இருக்கிறது. படித்தும் புரியவில்லை என்றால் நூலகரிடம் கேளுங்கள். ஆலோசனை வேண்டுமென்றால், மலேசியாவில் சட்ட உதவித் துறையும் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி நிலையங்களும், சிங்கப்பூரில் சட்ட உதவிப் பிரிவும் இருக்கின்றன.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் பிள்ளை சட்டம் படித்தால் வழக்கறிஞராகத்தான் வர வேண்டும், நூலகத் துறை என்றால் ஒன்றுமில்லாத படிப்பு என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. மலேசியாவில் யுஐடிஎம் போன்ற பல்கலைக்கழகங்களிலும் சிங்கப்பூரில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் தகவல் துறைப் படிப்புகள் உண்டு. மலாய், ஆங்கிலம் இரண்டிலும் தேர்ச்சியும், சந்தேகப்படும் மனமும், பொறுமையும் உள்ள பிள்ளைக்கு இது அருமையான துறை.

நூலகவியலின் தந்தை என்று இந்தியாவில் போற்றப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன் சீர்காழியில் பிறந்த தமிழர். சென்னையில் கணித ஆசிரியராக இருந்தவர். 1924இல், முப்பது வயதைக் கடந்த பிறகு, சென்னைப் பல்கலைக்கழக நூலகர் பொறுப்பை ஏற்றார். தெரியாத தொழிலைக் கற்றுக்கொள்ள லண்டனுக்குச் சென்று மாணவராக உட்கார்ந்தார். திரும்பி வந்து, 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை நூலாகத் தந்தார். வாசகரின் நேரத்தை மதிப்பதும், நூலகத்தை வளர்ந்துகொண்டே இருக்கும் ஒன்றாகப் பார்ப்பதும் அவற்றில் அடங்கும்.

நூலகம் வளர வேண்டுமென்றால் நூலகரும் வளர வேண்டும். அவரை வளரவிட நிர்வாகம் நேரம் கொடுக்க வேண்டும். கேள்விக்குப் பதில் சொல்ல இன்று ஆயிரம் கருவிகள் இருக்கின்றன. அந்தப் பதில் இன்றும் சட்டம்தானா என்று நின்று பார்த்துச் சொல்ல ஒரு மனிதர் வேண்டும். உங்கள் அலுவலகத்தில் அப்படி ஒருவர் இருந்தால், அடுத்த ஆண்டுச் செலவுத் திட்டத்தில் அவருடைய பயிற்சிக்கு ஒரு வரி இருக்கிறதா என்று நாளைக்கே கேட்டுப் பாருங்கள்.